2 வருட டாக்டர்களா, 15 வருட இயக்குநரா? ஹிரோஷிமா ஆய்வை முன்வைத்து ஓர் அலசல்

போன வருடம் எங்கள் குழு ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கிராமங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவரும் எங்கள் தொடர் ஆய்வுக்கு, 2 வருட ஒப்பந்தத்தில் வெளியூர் நிபுணர்களை மாற்றி மாற்றி அழைப்பதா, இங்கேயே தங்கப்போகும் ஒருவரைத் தலைவராக்குவதா? நான் இரண்டாவதற்கே கை தூக்கினேன். என்னை அந்தப் பக்கம் தள்ளியது ஹிரோஷிமாவில் நடந்த கதிர்வீச்சு ஆய்வின் வரலாறு.

1946 நவம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தந்த உத்தரவில் பிறந்தது, இந்த ஆய்வைச் செய்த அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம். நடத்தியது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி, பணம் அந்நாட்டு அணுசக்தி ஆணையத்துடையது. ஊழியர்களில் பெரும்பான்மையோர் ஜப்பானியர்கள். ஆனால் தலைமை நாற்காலிகள் அமெரிக்கர்களுக்கு. அவர்களில் பலர் குறுகிய ஒப்பந்தத்தில் வந்து போனவர்கள். 1957-க்குள் இயக்குநர்களே பலமுறை மாறிவிட்டார்கள்.

இந்த முறையில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் பிடிப்பது சுலபம், புதுக் கண்கள் கிடைக்கும், சரியில்லாதவர் சீக்கிரம் போய்விடுவார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைப் பொறுத்தவரை விஷயத்தைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: நோய் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலம். கதிர்வீச்சு பட்டவர்களிடம் ரத்தப் புற்றுநோய் சில வருடங்களிலேயே அதிகரிக்கத் தொடங்கியது. மற்ற உறுப்புகளின் புற்றுநோய்கள் அப்படியில்லை. 10 வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் தலைகாட்டின. அப்படியானால் 1951-இல் வந்து 1953-இல் கப்பலேறிய டாக்டர், தான் தொடங்கிய கேள்விக்கு விடையைப் பார்த்திருக்கவே முடியாது. அவருக்குப் பிறகு வருபவர் தன் சொந்தக் கேள்வியோடு வருவார். பழைய அட்டைகள் அலமாரியில் கிடக்கும்.

1955-இல் அமெரிக்க நோய்ப்பரவியல் நிபுணர் தாமஸ் ஃபிரான்சிஸ் தலைமையில் வந்த குழு கை வைத்தது இந்த இடத்தில்தான். துண்டு துண்டான ஆய்வுகளை விட்டு, ஒரே நிலையான மக்கள்தொகையைக் குறித்துக்கொண்டு அவர்களையே தொடருங்கள் என்றது. அதிலிருந்து வந்ததுதான் சுமார் 1,20,000 பேரைக் கொண்ட ஆயுட்கால ஆய்வு. அவர்களில் சுமார் 20,000 பேருக்கு 1958 முதல் 2 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.

திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, அதைச் சுமக்க ஆள் வேண்டும். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஜார்ஜ் டார்லிங் 1957-இல் இயக்குநராக வந்தார், 1972 வரை இருந்தார். 15 வருடம்! டாக்டர்களைத் தருவதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு ஏற்பாடு செய்துகொண்டார். திரும்பிப் போனால் வேலை இருக்குமா என்ற பயம் இல்லாவிட்டால்தான் நல்ல டாக்டர் கடல் தாண்டுவார். கவனியுங்கள், டாக்டர்கள் மாறுவதை அவர் நிறுத்தவில்லை. மேலே இருப்பவர் மாறாததால், கீழே மாறினாலும் நூல் அறுபடவில்லை.

இதன் இன்னொரு முகத்தை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். கதவைத் தட்டியதும் ஒரு பாட்டி கையை நீட்டவில்லை. "போன தடவை வந்த டாக்டரம்மா எங்கே?" என்றார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றதும், "அப்ப நீங்களும் போயிருவீங்க" என்று உள்ளே திரும்பினார். அன்று அந்த வீட்டில் ரத்தம் எடுக்கவில்லை. ஹிரோஷிமாவிலோ, பரிசோதிப்பார்கள், சிகிச்சை தர மாட்டார்கள் என்ற மனக்கசப்பு வேறு இருந்தது. அப்படிப்பட்டவர்கள் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டுமென்றால், தெரிந்த முகம் ஒன்றாவது வேண்டாமா?

நீண்ட தலைமையிலும் ஓட்டை உண்டு. டார்லிங் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பாதிக்கப்பட்ட நாட்டின் கையில் தலைமை இல்லை என்ற குறை அப்படியே நின்றது. அது தீரத் தொடங்கியது 1975 ஏப்ரலில், இரு நாடுகளும் சரிபாதிப் பணம் போட்டு ஆணையத்தைக் கதிர்வீச்சு விளைவு ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியபோதுதான். எனவே என் ஓட்டு நிலைத்த தலைமைக்கு, அதுவும் உள்ளூர் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுக்கு வயது 6 தான். ஒரே தலைவர் 15 வருடம் இருந்தால் பிழைகள் அவரோடு சேர்ந்தே பழகிப்போகுமா என்று சொல்ல என் அனுபவம் போதாது. அதனால் தலைவரை நிலையாக வைத்து, 3 வருடத்துக்கு ஒருமுறை வெளியாட்கள் வந்து கணக்குப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் குழு அடுத்த ஆண்டு வருகிறது. அந்தப் பாட்டியின் வீட்டுக்கும் அவர்களைக் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.