ஓடிஜியா, கன்வெக்ஷன் மைக்ரோவேவா: எந்த மோடில் எந்தப் பாத்திரம்?

ஓவன் வாங்கப் போகிறவர்கள் லிட்டர் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள், வாரண்டி கேட்கிறார்கள். 28 லிட்டர் கன்வெக்ஷன் மைக்ரோவேவையும் 30 லிட்டர் ஓடிஜியையும் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் என்னென்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பெட்டியை விட்டுவிட்டு மோடுகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஓடிஜி எப்போது திறந்தாலும் ஓடிஜிதான். ராடு, அதாவது சூடாகும் கம்பி, காயும், காற்று காயும், உள்ளே இருப்பது வேகும். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் அப்படி இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு அடுப்பு, அடுத்ததை அழுத்தினால் முற்றிலும் வேறு அடுப்பு. கேக் டின் ஒரு மோடில் தேவைப்படும், இன்னொரு மோடில் தீப்பொறி கிளப்பும். பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆனால் விற்பனைக் கவுண்டரில் இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் மைக்ரோ மோடு. இதில் ராடு எதுவும் எரியாது. மேக்னட்ரான் என்கிற பாகம் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உள்ளே அனுப்புகிறது. அந்த அலைகள் உணவில் இருக்கும் தண்ணீரை உலுக்கிச் சூடாக்குகின்றன. உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். கண்ணாடி, பீங்கான் வழியே ஊடுருவிப் போய்விடும். அதனால்தான் கண்ணாடிக் கிண்ணம் வைக்கலாம், எவர்சில்வர் கூடாது. "கதிர்வீச்சு வெளியே வருமே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. கதவில் இருக்கும் உலோக வலையின் ஓட்டைகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அலை உள்ளேயே நிற்கிறது. கதவைத் திறந்த நொடியே மேக்னட்ரான் நின்றுவிடும், உணவில் எதுவும் மிஞ்சியிருக்காது. கதவு சரியாக மூடாமல் இருந்தாலோ, கீல் வளைந்திருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

கன்வெக்ஷன் மோடில் அலை வராது. பின்னால் ராடு காய்கிறது, ஃபேன் அந்தச் சூட்டைச் சுற்றி அடிக்கிறது. கிட்டத்தட்ட ஃபேன் வைத்த ஓடிஜி என்றே வைத்துக்கொள்ளலாம். கிரில் மோடில் மேல் ராடு மட்டும் சிவக்கும், அதற்கு நேர்கீழே இருப்பது கருகிச் சிவக்கும். காம்பி மோடு என்பது அலையும் ராடும் சேர்ந்தோ மாறி மாறியோ வேலை செய்வது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாப்பாடு சூடாக்க மைக்ரோ மோடுதான். ஓடிஜியில் சாதம் சூடாக்க இருபது நிமிடம் ஆகும், ஓரம் எல்லாம் காய்ந்தும் போகும். ஆனால் மைக்ரோ சூடாக்குவதில் ஒரு வஞ்சனை இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பார் சாதத்தை டப்பாவோடு இரண்டு நிமிடம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். ஓரத்துப் பருக்கை கல் மாதிரி காய்ந்திருக்கும், குழம்பு கொதித்து மூடியில் தெறித்திருக்கும், நடுவில் ஸ்பூன் விட்டால் ஜில்லென்று இருக்கும். அலை உணவுக்குள் இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குத்தான் நன்றாக இறங்குகிறது. அதற்கும் உள்ளே இருப்பது, வெளிச்சூடு மெல்லப் பரவித்தான் சூடாக வேண்டும். ஆகவே குவித்து வைக்காமல் அகலமான கிண்ணத்தில் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதியில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். மிச்ச உணவு நடு வரைக்கும் 74 டிகிரியாவது தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. ஆவி பறக்கிறதா என்று பார்ப்பது போதாது, கிளறிப் பார்க்க வேண்டும்.

சாதத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வடித்த சாதத்தை நம் ஊர் வெக்கையில் மேஜை மேலேயே நாள் முழுக்க விட்டுவிட்டு, ராத்திரி மைக்ரோவேவில் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் எந்த ஓவனும் நம்மைக் காப்பாற்றாது.

பஜ்ஜி, பஃப்ஸ், நேற்றைய பீட்சா என்றால் கதையே வேறு. மைக்ரோவில் வைத்தால் நமுத்துப்போகும். அங்கே ஓடிஜியோ கன்வெக்ஷனோதான்.

கேக் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே சொல்வேன். ஓடிஜியில் மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் போட்டு, 180 டிகிரிக்குப் பத்து நிமிடம் பிரீஹீட் செய்து, டின்னை நடுத்தட்டில் வைத்தால் போதும். ஃபேன் இருக்கும் கன்வெக்ஷனில் அதே கேக்குக்கு இருபது டிகிரி குறைத்து 160 வைக்கலாம், ஏனென்றால் ஓடும் காற்று சூட்டை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டின்னைச் சுற்றிக் காற்று போக இடம் இருக்க வேண்டும், சுவரில் இடிக்கக் கூடாது. விலை குறைந்த ஓடிஜிகளில் குமிழில் காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் டிகிரியும் ஒத்துப்போவதில்லை. ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிடுவது நல்ல செலவு.

கேக் வெந்த பிறகுதான் கன்வெக்ஷன் மைக்ரோவேவில் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது. கேக்கை வெளியே எடுத்தாயிற்று. பெட்டியின் உட்சுவரும், அடித்தட்டும், கம்பி ஸ்டாண்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் வீட்டில் யாரோ ஒருவர் பசியோடு வந்து, குழம்பு இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைக்கிறார். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று டப்பாவின் அடியில் போட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வாசகம் மைக்ரோ மோடுக்கு மட்டுமே. அந்த டப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். சுமார் 160 டிகிரியில் அது உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். சூடு ஆறாத தட்டில் டப்பாவின் அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும். இதே தவறு மறுபக்கமும் நடக்கிறது. கேக்குக்குப் போட்ட கம்பி ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டு மைக்ரோ மோடை அழுத்தினால், கம்பி சுவரைத் தொடும் இடத்தில் படபடவென்று பொறி பறக்கும். ஓடிஜியில் இந்த இரண்டு தவறுக்கும் இடமே இல்லை. அங்கே பிளாஸ்டிக் எப்போதுமே கூடாது, உலோகம் எப்போதுமே கூடும். விதி ஒன்றே என்பதால் வீட்டில் யார் தொட்டாலும் குழப்பம் வராது. பலர் புழங்கும் சமையலறைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஓடிஜி பக்கம் சாய்வேன்.

ஏற்கெனவே கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வாங்கியவர்கள் பாத்திரங்களை இரண்டு அலமாரித் தட்டில் பிரித்து வையுங்கள். மைக்ரோவுக்கு: பீங்கான், மூடியைச் சற்றுத் திறந்து வைத்த, மைக்ரோவேவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் டப்பா. கன்வெக்ஷனுக்கு: அலுமினிய டின், ஃபாயில், கம்பி ஸ்டாண்டு. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும் சிலிகான் அச்சும் இரண்டிலும் போகும். ஆனால் சூடான கண்ணாடியை ஈரமான மேடையில் வைத்தால் வெடிக்கலாம். தங்க ஓரம் போட்ட கப் மைக்ரோவில் வேண்டவே வேண்டாம். மெலமைன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு எந்த மோடிலும் வேண்டாம். அது பார்க்கப் பீங்கான் மாதிரி இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கிரில்லில் ஓடிஜிக்குத்தான் என் ஓட்டு. கொத்சுவுக்குக் கத்தரிக்காய் சுடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காயை நாலைந்து இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி, மேல் ராடுக்கு நாலு விரற்கடை கீழே வைத்தால் தோல் சுருங்கிக் கருத்து, உள்ளே வெண்ணெயாய்க் குழையும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டுக் காய் வெடித்து ராடெல்லாம் விதை தெறிக்கும். சிக்கன் வைக்கும்போது கொழுப்பு சொட்டும். அது கீழ் ராடில் விழுந்தால் முதலில் புகை, அப்புறம் தீ. கம்பித் தட்டுக்குக் கீழே ஒரு தட்டை வைத்துக் கொழுப்பைப் பிடிக்க வேண்டும், கீழ் ராடை அணைத்து மேல் ராடு மட்டும் வைக்க வேண்டும், அடியில் இருக்கும் துகள் தட்டை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். முழுக்கோழியைக் கம்பியில் சுற்றவிட்டால் காலையும் இறக்கையையும் நூலால் கட்டிவிடுங்கள். அவிழ்ந்த கால் ராடில் உரசினால் அங்கேயே பற்றும். பட்டர் பேப்பரை கிரில்லில் போடாதீர்கள், ஓரம் சுருண்டு எழுந்து ராடைத் தொட்டுவிடும். கன்வெக்ஷன் மைக்ரோவேவிலும் கிரில் வரும். ஆனால் தெறித்த எண்ணெயை அதன் மேல்சுவரிலிருந்து துடைப்பது பெரும்பாடு. துடைக்காமல் விட்டால் பக்கச்சுவரில் அலை உள்ளே வரும் வாயை மூடியிருக்கும் மைக்கா தகட்டில் பிசுக்கு ஏறி, அடுத்த முறை மைக்ரோ போடும்போது அந்த இடத்திலேயே பொறி பறந்து ஓட்டை விழும்.

காம்பி மோடு வேகமாக வேகவைக்கும், மேலே சிவக்கவும் வைக்கும். இருந்தாலும் புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அலை வருவதால் கேக் டின் கூடாது. ராடு காய்வதால் பிளாஸ்டிக்கும் கூடாது. கம்பெனியோடு வந்த ஸ்டாண்டைக்கூட, கையேடு அனுமதித்தால் மட்டுமே வைக்கலாம். எஞ்சுவது பெரும்பாலும் சூடு தாங்கும் கண்ணாடிதான்.

மைக்ரோ மோடில் வைக்கவே கூடாதவை சில உண்டு. ஓட்டோடு முட்டை வெடிக்கும், உரித்த அவித்த முட்டையைத் திரும்பச் சூடாக்கினாலும் வெடிக்கும். எண்ணெயைக் காயவைத்துப் பொரிக்கக் கூடாது. வழவழப்பான கப்பில் வெறும் தண்ணீரை நெடுநேரம் வைத்தால் கொப்புளமே வராமல் கொதிநிலையைத் தாண்டி, எடுத்து அசைத்ததும் முகத்தில் பொங்கும். உள்ளே ஒரு மரக்கரண்டி போட்டுவைத்தால் அந்த ஆபத்து குறையும். குழந்தைக்குப் பாலைப் பாட்டிலில் சூடாக்காதீர்கள், பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே ஒரு பகுதி வாயைச் சுடும் அளவு காய்ந்திருக்கும். கறிவேப்பிலை காயவைக்கிறேன் என்று நிமிடக்கணக்கில் விட்டுவிட்டு நகராதீர்கள். ஈரம் போனதும் இலை பற்றிக்கொள்ளும்.

உள்ளே தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறக்கவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, காற்று இல்லாமல் தானாக அணையட்டும் என்று விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பழுது பார்ப்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஓடிஜியில் ராடு போனால் தெரிந்த எலெக்ட்ரீஷியன் மாற்றிவிடலாம். மைக்ரோவேவுக்குள் இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதன் மூடியைப் பயிற்சி பெற்ற ஆள் மட்டுமே திறக்க வேண்டும்.

சூடு வெளியே தெரிவதைப் பொறுத்தவரை ஓடிஜிதான் மோசம். கண்ணாடிக் கதவு, மேல்தகடு எல்லாமே சுடும், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கை எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். சுற்றிலும் அரை அடியாவது இடம் விடுங்கள், மேலே துணியோ டப்பாவோ வைக்காதீர்கள். மைக்ரோவேவ் வெளியே சுடாது என்று பழகியவர்கள் கன்வெக்ஷன் மோடிலும் அப்படியே தொட்டுவிடுகிறார்கள். அதில் கதவும் சுடும். வேலை முடிந்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், அது நிற்கும் வரை சுவரில் சுவிட்சை அணைக்காதீர்கள்.

என் பரிந்துரை, வாரம் ஒருமுறையாவது பேக்கிங், கிரில் செய்கிற வீட்டுக்கு ஒரு ஓடிஜியும், சூடாக்க மட்டும் ஒரு 20 லிட்டர் சோலோ (மைக்ரோ மோடு மட்டும் உள்ள) மைக்ரோவேவும். இரண்டு பெட்டிக்கும் இடம் இல்லாதவர்களும், வருஷத்துக்கு நாலு கேக் மட்டும் போடுகிறவர்களும் கன்வெக்ஷன் வாங்கலாம். எதை வாங்கினாலும் முதலில் சுவரைப் பாருங்கள். 6 ஆம்ப் சின்னப் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். ஓடிஜியோ கன்வெக்ஷனோ 1,500, 2,000 வாட் என்று இழுக்கும். எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, கரன்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரிலும் போடக் கூடாது. இரண்டு பெட்டி வாங்கினால் இரண்டுக்கும் தனித்தனி பவர் பாயின்ட் போட்டுத் தரும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.