கோல்ஃப் கிரிப் மாற்ற: தஞ்சாவூர் கடை எப்படி?

தெற்கு வீதிப் பக்கம் உள்ள இந்த விளையாட்டுப் பொருள் கடையில் கிரிப் (கோல்ஃப் மட்டையின் கைப்பிடி உறை) மாற்றும் வேலை சுத்தம். பழைய ரப்பரை வளைந்த முனைக் கத்தியால்தான் அறுக்கிறார்கள். நேர் பிளேடு பட்டால் கிராஃபைட் தண்டின் இழை கீறி, பிறகு அங்கேயே முறியும். இதற்காகவே நம்பிக் கொடுக்கலாம்.

பழைய பசையைத் துடைத்தெடுத்து, இருபக்க டேப்பைத் தண்டின் வாய்க்கு வெளியே அரை அங்குலம் விட்டு உள்ளே மடிக்கிறார்கள். கிரிப்புக்குள் கரைப்பான் ஊற்றி, டேப்பையும் நனைத்து, ஒரே தள்ளில் ஏற்றுகிறார்கள். பாதியில் நின்றால் பசை பிடித்துக்கொள்ளும், கிரிப் வீண்.

ஒரே குறை, அன்று மாலையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கரைப்பான் காயும் முன் பந்தடித்தால் கிரிப் திருகிக்கொள்ளும், மறுநாள் வாங்குங்கள். தண்டின் கைப்பிடி முனை விட்டம் 0.600 அங்குலமா, 0.580ஆ என்று அளந்து, அதற்கேற்ற கிரிப் போடச் சொல்லுங்கள். டெல்டா வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் நூலிழை கலந்த கார்டு கிரிப்தான் வழுக்காது.