ட்ரை ஃபுட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு நாட்டுப் பூனைகள், ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் படிகங்கள் தெரிந்தபோது, எப்படியாவது அதன் உடம்புக்குள் தண்ணீர் நிறையப் போகவேண்டும் என்றார் டாக்டர். மூன்று வேளையும் பவுச் (பையில் அடைத்து வரும் ஈரமான பூனை உணவு) வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ட்ரை ஃபுட்டிலேயே, அதாவது கடையில் விற்கும் மொறுமொறுப்பான உலர் உணவிலேயே, தண்ணீர் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினோம். இன்றுவரை அப்படித்தான்.

பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்தில் வாழ்ந்தது. பிடித்துத் தின்ற எலியின் உடம்பிலேயே ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர் இருந்ததால் தனியாகக் குடிக்கும் தேவை அதற்கு அதிகம் வரவில்லை. ட்ரை ஃபுட்டில் இருப்பதோ 10 சதவீதம் அளவுக்குத்தான். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 200 மில்லி தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 60 கிராம் ட்ரை ஃபுட் தருவது 6 மில்லிதான். மீதியைக் கிண்ணத்திலிருந்து குடிக்கவேண்டும். ட்ரை ஃபுட் தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் வெட் ஃபுட் தின்னும் பூனைக்குக் கிடைக்கும் அளவை அது பெரும்பாலும் எட்டுவதில்லை.

சரி, எவ்வளவு ஊற்றுவது? 20 கிராமுக்கு 20 மில்லி ஊற்றினால் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு வரும். பவுச்சில் இருப்பதுபோல 75 சதவீதம் வேண்டுமென்றால் 50 மில்லி ஊற்றவேண்டும். பார்ப்பதற்குக் கஞ்சி மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் ஆண் பூனை அதை ஆசையாக நக்கிக் குடிக்கிறது. ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் அங்கே வந்தோம். பெண்ணுக்கு ஊறிப்போனால் பிடிக்காது. ஊற்றிய கையோடு வைத்தால், கடிக்கும்போது மொறுமொறுப்பு இருக்கும், கீழே தேங்கிய தண்ணீரையும் குடித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் வாசனை எழும்பும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சில வைட்டமின்கள் சூட்டில் வீணாகும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது நேரம். ட்ரை ஃபுட் நாள் முழுக்கக் கிண்ணத்தில் கிடந்தாலும் சட்டென்று கெடாததற்குக் காரணம் அதில் ஈரம் இல்லாததுதான். தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து அது சமைத்த சாப்பாடு மாதிரி, கிருமி பெருகும். நாம் சாப்பிடும் உணவுக்கே வெளியில் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம் என்றுதான் வரம்பு சொல்கிறார்கள். சென்னை மே மாதத்தில் நாங்கள் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறோம். மிச்சத்தை மூடிவைத்து மறுவேளைக்குக் கொடுப்பதில்லை. அதனால் ஒரு வேளைக்குக் கொஞ்சமாகத்தான் போடுகிறோம். கிண்ணம் எவர்சில்வர் அல்லது பீங்கான், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் வழுவழுப்பு ஏறிவிடும். எறும்புக்கு, கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைப்போம். நாங்கள் ஆபீஸ் போயிருக்கும் நேரத்துக்கும் இரவுக்கும் உலர்ந்ததுதான். குறித்த நேரத்தில் தானாக உணவு போடும் ஆட்டோ ஃபீடரில் ஈர உணவு போடவே கூடாது.

தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். குழம்பு, ரசம், சூப் எதுவும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். எதுவும் சேர்க்காமல், உப்புகூடப் போடாமல் சிக்கன் வேகவைத்த தண்ணீர் ஒரு ஸ்பூன் கலந்தால் அடம்பிடிக்கும் பூனையும் வாய் வைக்கும்.

பலன் முதலில் லிட்டர் பாக்ஸில்தான் (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டி) தெரிந்தது. ஆணின் சிறுநீர் பட்டு மணல் திரளும் உருண்டைகள் பெரிதாயின, அதாவது சிறுநீர் அதிகம் போனது, நெடி குறைந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் படிகம் இல்லை. டாக்டர் உணவையும் மாற்றியிருந்தார் என்பதால் முழுப் பெருமையையும் தண்ணீருக்குக் கொடுக்கமாட்டேன். பற்களைப் பற்றிப் பயந்தேன், ஆனால் சாதாரண ட்ரை ஃபுட் பல் துலக்கிவிடும் என்பதை நம்பி இருக்கவேண்டியதில்லை. பிரஷ்தான் வழி.

தண்ணீர் கலந்ததைத் தொடவே மறுத்தால் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டாக இருந்தால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் சந்தோஷப்படவேண்டாம், சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது அடைப்பு. அப்போது வீட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.