நானூறைத் தாண்டிய நாலு பேர்: யாருடைய ஆண்டு பெரிது?

பேஸ்பால் சராசரியும் நம்ம கிரிக்கெட் சராசரியும் ஒன்றல்ல. ரன்னை அவுட்டால் வகுக்கிற கணக்கு அங்கே கிடையாது. எத்தனை ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் என்கிற ஓட்ட நிலையைச் சேர்வது), எத்தனை அட்-பேட் (மட்டை பிடித்து ஆடிய முறை), முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு தசம எண் வரும். 0.300 வந்தால் நல்ல பேட்டர், 0.400 வந்தால் தலைமுறைக்கும் பேசுவார்கள். பேச்சில் புள்ளியை விட்டுவிட்டு முந்நூறு, நானூறு என்பார்கள், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பழைய காலத்துப் பட்டியலில் நாலு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஹியூ டஃபி, 1894, 440. டிப் ஓ'நீல், 1887, 435. ராஸ் பார்ன்ஸ், 1876, 429. நாப் லாஜுவே, 1901, 426. டஃபியின் 440தான் அமெரிக்காவின் உச்சத் தொடர்களான பெரிய லீக்குகளின் சாதனை என்று ரொம்ப காலம் சொன்னார்கள். 2024-ல், கறுப்பின வீரர்கள் தனியாக ஆட வேண்டியிருந்த நீக்ரோ லீக்குகளின் கணக்கையும் சேர்த்த பிறகு ஜாஷ் கிப்சனின் 466 மேலே ஏறிவிட்டது. சரி, இந்த நாலு பேருக்குள் யார்? என்னைக் கேட்டால் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுவேன்.

காரணம், இவர்கள் ஆடியது ஒரே ஆட்டமே இல்லை. பார்ன்ஸ் காலத்தில் பிட்சர் (பந்து வீசுபவர்) 45 அடி தூரத்தில் நின்று கையைத் தாழ்த்தித்தான் பந்தை வீச வேண்டும், அதுவும் 'எனக்கு மேலே போடு', 'கீழே போடு' என்று பேட்டர் கேட்டு வாங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்ன்ஸின் உண்மையான ஆயுதம் வேறு. அன்றைய விதிப்படி பந்து முதலில் ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டால் போதும், அப்புறம் அது எங்கே ஓடினாலும் செல்லும். இவர் மட்டையைச் சாய்த்து, பந்தின் தலையில் வெட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டுவார். பந்து, பேட்டர் நிற்கும் வீட்டுத்தட்டுக்கு முன்னால் ஒரு முறை குத்தி, சுழன்றபடி கோட்டைத் தாண்டி வெளியே ஓடும். மூன்றாம் பேஸ்காரர் திரும்பி அதைத் துரத்திப் பிடித்து எறிவதற்குள் பார்ன்ஸ் பேஸில் நின்றிருப்பார். ஃபீல்டர்களில் பெரும்பாலோர் கையில் கிளவுஸ்கூட இல்லாத காலம்.

ஏமாற்று வேலை என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி எல்லோருக்கும் பொது, அந்தத் தட்டு எல்லோருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். 66 ஆட்டத்தில் 126 ரன் எடுத்திருக்கிறார். பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் முதல் ஹோம் ரன்னும் (எல்லா பேஸையும் சுற்றிவர வைக்கும் அடி) இவருடையதே. இவருக்கு எதிராகச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வாதம் ஒன்றுதான்: அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவரான ஸ்பால்டிங் இவருடைய சிகாகோ அணியிலேயே இருந்ததால், அவரை எதிர்கொள்ள வேண்டிய தலைவலி இவருக்கு இல்லை.

ஓ'நீலின் 1887 இன்னும் வேடிக்கை. அந்த ஒரே ஒரு ஆண்டு, பிட்சர் பலமுறை தவறாக வீசியதால் பேட்டர் அடிக்காமலே பேஸுக்கு நடந்து போகும் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள். அவர் 517 அட்-பேட்டில் 225 ஹிட், வாக் 50. வாக்கை ஹிட்டிலும் அட்-பேட்டிலும் சேர்த்தால் 485 வருகிறது! பின்னால் வந்தவர்கள் வாக்கைக் கழித்து 435 ஆக்கினார்கள், அதுதான் நியாயம். ஆனால் இன்னொரு சலுகை கழியவில்லை: அதே ஆண்டு மூன்று ஸ்ட்ரைக்குக்குப் (பேட்டர் தவறவிட்ட நல்ல பந்து) பதில் நாலு ஸ்ட்ரைக்குக்குத்தான் அவுட். அதை எந்தக் கணக்கால் கழிப்பது? இருந்தாலும் டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி), டிரிபிள் (மூன்று பேஸ்), ஹோம் ரன் மூன்றிலும் அவர் லீக்கில் முதலிடம் (டிரிபிளில் மட்டும் வேறு சிலரோடு சமம்), அதை லேசில் தள்ளிவிட முடியாது.

டஃபிக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை, பாவம். 1893-ல் பிட்சரை 60 அடி 6 அங்குலத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். 1892-ல் 245 ஆக இருந்த மொத்த லீக்கின் சராசரி 1894-ல் 309! பிலடெல்பியாவின் அவுட்ஃபீல்டர்கள் எல்லோருமே நானூறுக்கு மேல். ஊரெல்லாம் மழை பெய்த ஆண்டில் இவர் வயலில் இரண்டு அங்குலம் கூடப் பெய்தது.

அதனால்தான் நான் எண்ணைவிட, இரண்டாவதாக வந்தவரோடு உள்ள இடைவெளியைப் பார்க்கிறேன். விதியின் தயவு எல்லோருக்கும் கிடைத்ததுதானே, அதற்கு மேல் இவர் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். டஃபிக்கு அடுத்தவர் 418, இடைவெளி 22. ஓ'நீலுக்கு அடுத்து பீட் பிரவுனிங் 402, இடைவெளி 33. பார்ன்ஸுக்கு அடுத்து ஜார்ஜ் ஹால் 366, இடைவெளி 63. லாஜுவேக்கு அடுத்து மைக் டான்லின் 340. இடைவெளி 86!

லாஜுவே மீதும் குறை உண்டு. 1901-ல் நேஷனல் லீக் ஃபவுலை (கோட்டுக்கு வெளியே போன அடி) ஸ்ட்ரைக்காக எண்ணத் தொடங்கிவிட்டது, அவர் ஆடிய அமெரிக்கன் லீக் 1903 வரை எண்ணவில்லை. பிடிக்காத பந்தைச் சும்மா வெளியே தட்டிவிட்டுக்கொண்டே நிற்கலாம். போதாக்குறைக்கு அந்த லீக்குக்குப் பெரிய லீக்காக அது முதல் ஆண்டு, பிட்சர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே பிட்சர்களைத்தானே டான்லினும் சந்தித்தார்?

விதி மாறிய பிறகு என்ன ஆனது என்றும் பார்த்துவிடலாம். பார்ன்ஸின் தட்டை 1877-ல் தடை செய்தார்கள். அவர் 272-க்கு இறங்கினார், அந்த ஆண்டு காய்ச்சலும் சேர்ந்து படுத்தியதால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. 1872, 1873 இரண்டு ஆண்டும் 430-ஐத் தொட்டவர் என்பதால் அவரை நான் கீழே இறக்கவில்லை. ஓ'நீல் 1888-ல் மூன்று ஸ்ட்ரைக்குக்குத் திரும்பியதும் 335, நூறு புள்ளி போனாலும் லீக்கில் முதல். 1903-ல் ஃபவுல் விதி வந்தபோது லாஜுவே 344, அவரும் லீக்கில் முதல். அடுத்த ஆண்டு அதே விதியோடு 376-க்கு ஏறி, மறுபடியும் முதல்.