ஏலக்காய்ப் பெட்டி நேராக நிற்க: மான்ஃப்ரோட்டோ 410 கியர் ஹெட்

குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடைகளுக்கு, இணைய விற்பனைக்கான படங்களை எடுத்துக் கொடுத்து வருகிறேன். கேமராவுக்கும் லென்ஸுக்கும் விளக்குக்கும் தாராளமாகச் செலவு செய்த நான், ட்ரைபாட்டின் மேல் உட்காரும் ஹெட்டைப் பற்றி வெகுநாள் யோசிக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் பயன்படுத்திய பால் ஹெட்டையே இதற்கும் வைத்துக்கொண்டேன்.

பால் ஹெட்டில் ஒரு திருகைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் திரும்பும். கல்யாண மண்டபத்தில் வரமாக இருந்த அந்த வசதியே பெட்டிகளை எடுக்கும்போது தொல்லையானது. பெட்டியின் விளிம்பு அரை டிகிரி சாய்ந்திருப்பதைச் சரிசெய்யத் திருகைத் தளர்த்தினால், கால் மணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்த மேல்கீழ்க் கோணமும் சேர்ந்து கலைந்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் சரிசெய்து, இறுக்கி, கையை எடுத்ததும் லென்ஸின் கனத்தில் முன்பக்கம் மயிரிழை தாழும். "எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி நிக்கலையே தம்பி" என்று ஒரு கடை முதலாளி முப்பது படங்களையும் வரிசையாகக் காட்டிச் சொன்ன அன்றுதான் ஹெட்டை மாற்ற முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாக வாங்கிய மான்ஃப்ரோட்டோ 410 ஒரு கியர் ஹெட்; அதாவது, குமிழைத் திருப்பினால் பற்சக்கரங்கள் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ஹெட். எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 5 கிலோ வரை தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. என் கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோதான் என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. மூன்று குமிழ்களில் ஒன்று மேல்கீழாகவும், ஒன்று பக்கச் சாய்வாகவும், ஒன்று இடவலமாகவும் கேமராவை நகர்த்துகின்றன. ஒன்றைத் திருப்பும்போது மற்ற இரண்டும் அசைவதில்லை. குமிழை விட்ட இடத்திலேயே கேமரா நின்றுவிடுவதால், தனியாக இறுக்க வேண்டிய வேலையும் அதனால் வரும் தாழ்வும் இல்லை. அதிக தூரம் திருப்ப வேண்டுமானால், பல்லிணைப்பை விடுவித்துக் கையாலேயே நகர்த்தலாம்.

இதன் அருமை ஒற்றை ஏலக்காயை எடுக்கும்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் ஏலத்துக்கு வரும்போதே அளவும் பச்சை நிறமும் பார்த்து விலை சொல்லப்படும் பொருள் இது. ஆகவே 8 மி.மீ. காயின் வரிகளும் காம்பும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயம். முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில், பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும் மேக்ரோ படத்தில், லென்ஸின் துளையை எஃப் 8 வரை சுருக்கினாலும், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. அதனால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கிறேன். இடையில் கேமரா இம்மியளவு தாழ்ந்தாலும் இணைத்த படத்தில் காயின் ஓரம் இரட்டை இரட்டையாகத் தெரியும். கியர் ஹெட்டுக்கு மாறிய பிறகு அப்படி ஒரு படத்தையும் நான் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் இதன் பிளேட், பல நிறுவனங்களும் பின்பற்றும் ஆர்கா-ஸ்விஸ் வகையைச் சேர்ந்தது அல்ல. செங்குத்துப் படங்களுக்காக அந்த வகை எல் வடிவப் பிளேட் வைத்திருப்பவர்கள், அதைப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும். செங்குத்துப் படம் அதிகம் எடுப்பவர்கள் அந்தச் செலவைச் செய்வதே நல்லது. ஹெட்டையே பக்கவாட்டில் சாய்த்தால் கேமரா நடுவிலிருந்து விலகித் தொங்கும், லென்ஸின் இடமும் மாறிவிடும். அடுத்தது வேகம். ஓடும் குழந்தையையோ மேடை நிகழ்ச்சியையோ இதை வைத்து எடுக்க முடியாது.

அடிக்கடி வெளியூர் போய் எடுப்பவர்களுக்கு, 4 கிலோ தாங்கும், முக்கால் கிலோ எடையுள்ள அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ரோ கியர் ஹெட் பொருந்தும். கியருக்குப் பணம் போதாதவர்கள் பால் ஹெட்டை விடுத்து, ஒவ்வொரு திசைக்கும் தனித் திருகுள்ள த்ரீ-வே ஹெட்டை வாங்கலாம். நுணுக்கம் குறைந்தாலும், ஒரு கோணத்தைத் திருத்தும்போது மற்றது கலையாது.