ப்ரூஜ் நகரில் பெல்ஜிய பீருக்கென்றே ஒரு பப்: ட் ப்ருக்ஸ் பேர்ட்யே

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரச் சந்தைச் சதுக்கத்திலிருந்து பொடிநடையாகப் போனால் கேமல்ஸ்ட்ராட் என்ற குறுகலான தெரு வரும். அங்கே 1983 முதல் நடக்கிறது இந்தச் சின்ன பப். பட்டியலில் ஏறக்குறைய 300 பெல்ஜிய பீர்கள். மலைக்க வேண்டாம். கசப்பா, புளிப்பா, இனிப்பா, எது பிடிக்கும் என்று கவுண்டரில் சொல்லுங்கள். பொருத்தமானதை எடுத்துத் தருவார்கள்.

குடிக்கும் வரிசை முக்கியம். 6.5% ஆல்கஹால் உள்ள சைசோன் டூப்போன் என்ற பீரில் தொடங்கி, ஓர்வால் என்ற பீருக்குப் போய், ரோஷ்ஃபோர் 10 என்ற பீரைக் கடைசிக்கு வையுங்கள். அது 11.3%. 33 செ.லி. (330 மி.லி.) பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹாலே சாதாரண பீர் இரண்டுக்கு மேல். அதை முதலில் குடித்தால் பிறகு வரும் மெல்லிய சுவை எதுவும் நாக்கில் ஏறாது. ஜில்லென்று கேட்கவும் வேண்டாம். 12 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அதன் உலர்பழ வாசனை எழும்பும்.

ஓர்வால் வாங்கினால் லேபிளில் அடைத்த தேதியைப் பாருங்கள். பாட்டிலுக்குள் ப்ரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் தொடர்ந்து வேலை செய்வதால், சில மாதத்தில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை தணிந்து, பதனிட்ட தோல் போன்ற மணம் கூடும். இளசு ஒன்று, முதிர்ந்தது ஒன்று வாங்கி அடுத்தடுத்துக் குடித்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை.

ஊற்றும் முறையைக் கவனியுங்கள். குளிர்ந்த நீரில் கிளாஸை அலசி, சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். வண்டலோடு கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். எந்தக் கடையானாலும் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ போகவில்லை என்று அர்த்தம். நுரை சீக்கிரம் அமுங்கிவிடும். தயங்காமல் வேறு கிளாஸ் கேளுங்கள்.

கூஸ் என்பது ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்கை (காற்றிலுள்ள ஈஸ்ட்டால் தானாகப் புளிக்கும் பீர்) கலந்து பாட்டிலில் மறுபடி புளிக்கவைப்பது. 75 செ.லி. பாட்டிலை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம். கூடையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நிமிர்த்தாதீர்கள். பக்கவாட்டில் படிந்த ஈஸ்ட் கலைந்து பீர் கலங்கிவிடும்.

சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். சீஸ், பாத்தே (அரைத்த இறைச்சி விழுது) போன்ற கொறிப்புகள்தான். புளித்த கூஸுக்குச் சீஸ் அருமையான துணை. இடம் சிறியது, திறப்பதும் மாலையில்தான். கும்பலாகப் போகிறவர்கள் திறந்த உடனே போய்விடுங்கள்.