மாரடைப்புக்குப் பின் தரும் மாத்திரை: தட்டணுப் பரிசோதனையா, மரபணுப் பரிசோதனையா?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு, தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைக்கும் நுண்ணிய அணுக்கள்) திரளாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் வழக்கமாக ஓராண்டுக்குத் தருவார்கள். அது குளோபிடோக்ரலா, அதைவிட வீரியமான பிராசுக்ரெல் அல்லது டிக்காக்ரெலாரா என்பதுதான் கேள்வி. 2007-இல் வந்த டிரைட்டன் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து குளோபிடோக்ரலில் 12.1 சதவீதம், பிராசுக்ரெலில் 9.9. ஆனால் பெரிய இரத்தக்கசிவு 1.8-லிருந்து 2.4 சதவீதமாக ஏறியது.

குளோபிடோக்ரலை உடல் மாற்றிக்கொண்டால்தான் அது வேலை செய்யும். சிலருக்கு அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி, தட்டணுக்களையே சோதிப்பது. வெரிஃபைநவ் கருவியில் இரத்தம் எடுத்த சோதனைக் குழாயைச் செருகினால் போதும். உள்ளே ஃபைப்ரினோஜன் பூசிய நுண்மணிகள் இருக்கும். தட்டணுக்கள் விழிப்பாக இருந்தால் மணிகளோடு சேர்ந்து திரளும், ஒளி அதிகமாக ஊடுருவும். சில நிமிடங்களில் ஓர் எண் வந்துவிடும். அது 208-ஐத் தாண்டினால் மருந்து போதவில்லை என்று பொருள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2011-இல் கிராவிடாஸ் ஆய்வில் எண் அதிகமாக இருந்தவர்களுக்கு குளோபிடோக்ரல் அளவை இரட்டிப்பாக்கியும் பலனில்லை. இரு பக்கமும் பாதிப்பு 2.3 சதவீதம்தான். அடுத்த ஆண்டு பிரான்ஸின் ஆர்க்டிக், 2016-இல் 75 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த அன்டார்க்டிக், இரண்டும் கைவிரித்தன. மாரடைப்பு நேரத்து அழற்சியிலேயே தட்டணுக்கள் கொதித்துக்கொண்டிருக்கும். அன்றைய எண் அடுத்த மாத எண்ணாக இருக்காது.

தட்டணுப் பரிசோதனையை மருந்தைக் குறைக்கப் பயன்படுத்தியபோதுதான் கதை மாறியது. 2017-இல் டிராபிக்கல் ஆய்வில், ஒரு வாரம் பிராசுக்ரெல், ஒரு வாரம் குளோபிடோக்ரல், அப்புறம் சோதனை. சரியாக வேலை செய்தவர்கள் குளோபிடோக்ரலிலேயே தொடர்ந்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பிராசுக்ரெலுக்குத் திரும்பினார்கள். ஓராண்டு முடிவில் பாதிப்பும் கசிவும் சேர்ந்து 7 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 9. மேல் என்று நிரூபிக்கவில்லை, ஆனால் மோசமில்லை என்று உறுதியானது. கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 40 சதவீதத்தினர் சோதனை இல்லாமல் குளோபிடோக்ரலுக்கு மாறியிருந்தால் போதாத மருந்திலேயே இருந்திருப்பார்கள்.

இரண்டாவது வழி மரபணுப் பரிசோதனை: குளோபிடோக்ரலை மாற்றும் மரபணு சரியாக இருந்தால் குளோபிடோக்ரல், இல்லாவிட்டால் வீரியமான மருந்து. இதன் பலம், முடிவு மாறாது என்பதே. ஒருமுறை எடுத்தால் போதும். 2019-இல் பாப்புலர் ஜெனடிக்ஸ் ஆய்வில் இப்படி மருந்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கசிவு 9.8 சதவீதம், வீரியமான மருந்திலேயே இருந்தவர்களுக்கு 12.5. உறைவு ஆபத்து கூடவில்லை. ஆனால் சர்க்கரை, உடல் பருமன் போன்றவை மருந்தின் வேலையைக் கெடுப்பதை அது காட்டாது.

மூன்றாவது வழியில் சோதனையே கிடையாது: ஒரு மாதம் கழித்து எல்லோரையும் குளோபிடோக்ரலுக்கு மாற்றுவது. கொரியாவின் டாலோஸ் ஆய்வில் பாதிப்பும் கசிவும் சேர்ந்து 8.2 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. ஆனால் கிழக்காசியரிடம் உறைவு குறைவு, கசிவு அதிகம். குளோபிடோக்ரலைச் சரியாக மாற்றாத மரபணு வகை தெற்காசியரிடமும் ஐரோப்பியரைவிட அதிகம் என்பதால், நம்மவர்களை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

என் தேர்வு: கசிவு ஆபத்து உள்ளவருக்கு மருந்தைக் குறைக்க நினைத்தால் முதலில் மரபணுப் பரிசோதனை. அது கிடைக்காத இடத்தில், குளோபிடோக்ரலுக்கு மாற்றி ஒரு வாரம் கழித்துத் தட்டணுப் பரிசோதனை. நீளமான ஸ்டென்டும் சர்க்கரையும் சேர்ந்திருந்து, கசிவு ஆபத்து இல்லாதவருக்கு இரண்டுமே வேண்டாம். வீரியமான மருந்தையே ஓராண்டு தொடரலாம். எதுவானாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.